காமகுரா பெரும்புத்தர் முன் ஒரு மணி நேரம், பிறகு கண்ணில் பட்ட அந்தக் கல்

வடலி எழுதியது:

வேலை நிமித்தம் இரண்டு கிழமையாக டோக்கியோவில் நிற்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் காமகுராவுக்குப் போய் வாருங்கள் என்றார்கள். ஒரு மணி நேர ரயில் பயணம், கடற்கரை ஊர், பழைய கோயில்கள், பெரிய புத்தர் சிலை. சிலை என்று கேட்டதும் போகாமலே இருந்துவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஏன் என்று ஈழத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் வளர்ந்த ஊரில் புத்தரை நான் கோயிலில் பார்த்ததில்லை. சந்தியில், அரசமரத்தடியில், மணல்மூட்டை அடுக்கிய காவலரணுக்குப் பக்கத்தில்தான் பார்த்தேன். வெள்ளைச் சீமெந்துச் சிலை, தலைக்குப் பின்னால் சுழலும் வண்ண விளக்கு. அந்த இடத்தைக் கடக்கும்போது சைக்கிளை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் எடுத்து, தலையைக் குனிந்தபடி உருட்டிக்கொண்டு போக வேண்டும். குனிந்தது சிலைக்கு அல்ல. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையின் மனத்தில் இரண்டும் ஒன்றாகவே பதிந்துவிட்டது. இன்றைக்கும் எந்த நாட்டில் புத்தர் முகத்தைக் கண்டாலும் என் கை தானாகக் கைப்பைக்குள் அட்டையைத் தேடுகிறது.

காமகுரா நிலையத்தில் இறங்கி, வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசுவதுபோல ஓடும் ஒரு சின்ன ரயிலில் ஏறினேன். மூன்றாவது நிறுத்தம் ஹாசே. அங்கிருந்து பத்து நிமிட நடை. 300 யென் கொடுத்து வாசலைத் தாண்டித் திரும்பினால், எதிரே அவர் இருக்கிறார். மண்டபம் இல்லை, கூரை இல்லை. பின்னால் மரம் அடர்ந்த குன்று, மேலே வானம். அவ்வளவுதான்.

உயரம் 11.3 மீட்டர், பீடத்தோடு சேர்த்தால் 13 மீட்டருக்கு மேல். எண்ணைச் சொன்னால் பெரிதாகத் தெரியாது. எங்கள் ஊர்க் கோபுரங்கள் இதைவிட உயரம். ஆனால் சற்றே கூனி, முகத்தைத் தாழ்த்தி அவர் உட்கார்ந்திருக்கும் விதம் இருக்கிறதே, கீழே நிற்கிறவர் ஏதோ சொல்ல வந்திருக்கிறார், கேட்போம் என்று குனிந்ததுபோல இருக்கிறது. பச்சை ஏறிய வெண்கலத்தில் மழை ஓடிய கோடுகள் நெஞ்சில் நீள நீளமாக இறங்குகின்றன. தோளில் ஒரு புறா உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது. ஒருவரும் அதைத் துரத்தவில்லை.

ஓரத்து இருக்கையில் ஒரு மணி நேரம் இருந்தேன். கை கைப்பைக்குப் போகவில்லை. அதை எழும்பும்போதுதான் கவனித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் புத்தரை ஒரு சிலையாக, ஒரு முகமாகப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

வெளியே வரும் வழியில் ஒரு நினைவுக்கல். அதில் இலங்கை என்று கண்டதும் நின்று படித்தேன். ஜே. ஆர். ஜெயவர்த்தனாவைப் போற்றி 1991இல் வைத்த கல். 1951இல் சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில் ஜப்பானுக்காக அவர் பேசியதற்கு நன்றி. வெறுப்பை வெறுப்பால் அல்ல, அன்பால்தான் வெல்ல முடியும் என்ற புத்தர் வாக்கு அதில் பொறித்திருக்கிறது.

1983 ஜூலையில் இலங்கையின் ஜனாதிபதி அவர். தமிழர்கள் தாக்கப்பட்ட அந்த ஜூலையில் என் அம்மா கொழும்பில் ஒரு பாடசாலையில் அகதியாக இருந்து, பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்தவர். நான் அப்போது கைக்குழந்தை.

கல்லின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஒரு மணி நேரமாகச் சேர்த்தது எல்லாம் ஒரு நிமிடத்தில் போய்விட்டது. திரும்பிச் சிலையைப் பார்க்கவும் மனம் வரவில்லை, வெளிக்கிட்டு வந்துவிட்டேன். இங்கே பயணம் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். இதே இடத்துக்குப் போனவர்கள் உண்டா? வெள்ளிக்கிழமை இரவுதான் எனக்கு விமானம். திரும்பவும் ஒரு தடவை போகலாமா வேண்டாமா என்று தெரியாமல் எழுதுகிறேன்.


பச்சைரயில் எழுதியது:

அக்கா, நான் யோகொஹாமாவில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் காமகுராவுக்கு அழைத்துப் போவது என் வேலை. இருபது தடவைக்குக் குறையாமல் போயிருப்பேன். அந்தக் கல்லைத் தாண்டித்தான் ஒவ்வொரு தடவையும் போயிருக்கிறேன், நின்று படித்ததில்லை. தஞ்சாவூர்க்காரனான எனக்கு அது இன்னொரு கல், அவ்வளவுதான். உங்கள் பதிவைப் படித்தபோது சங்கடமாக இருந்தது.

திரும்பப் போங்கள் என்பதுதான் என் எண்ணம். காலை 8 மணிக்குத் திறக்கிறார்கள். எட்டரைக்குள் போனால் பள்ளிச் சுற்றுலாக் கூட்டம் வருவதற்கு முன்னால் முற்றம் காலியாக இருக்கும். இரண்டு விஷயங்களை நீங்கள் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது.

ஒன்று, சிலைக்கு உள்ளே போகலாம். பக்கவாட்டில் ஒரு சிறிய கதவு, அதற்குத் தனியாக 50 யென். குனிந்து, குறுகிய படியில் ஏறினால் புத்தரின் வயிற்றுக்குள் நிற்பீர்கள்.

இன்னொன்று செருப்பு. சிலையைச் சுற்றியுள்ள நடையின் சுவரில் ஒரு ஜோடி வைக்கோல் செருப்பு தொங்கும். ஒவ்வொன்றும் 1.8 மீட்டர் நீளம், ஆளைவிடப் பெரியது. இபராகி மாகாணத்தில் ஹிதாச்சியோதா என்ற ஊர்க் குழந்தைகள் பின்னிக் கொடுப்பது. போருக்குப் பிறகு நாடு எழுந்து நிற்கத் தவித்த காலத்தில், புத்தர் இதைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடந்து மக்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று பின்னியது. முதல் ஜோடி வந்தது 1951இல். உங்கள் பதிவில் அதே ஆண்டைப் பார்த்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.


கருமண் எழுதியது:

எங்கள் குடும்பம் சுவாமிமலையில் மூன்று தலைமுறையாக வார்ப்பு வேலை செய்கிறது. ஜப்பானுக்குப் போனதில்லை. ஆனால் இந்தச் சிலையைப் படங்களில் பார்த்துப் பார்த்து அதன் உடம்பு எனக்கு மனப்பாடம். அதனால் தொழில்காரன் கண்ணில் தெரிவதைச் சொல்கிறேன்.

நாங்கள் செய்வது மெழுகு வார்ப்பு. முழு உருவத்தையும் மெழுகில் செய்வோம். அதன் மேல் காவேரி வண்டல் மண்ணைப் பூசிக் கரு, அதாவது அச்சு, கட்டுவோம். கம்பி சுற்றி, சூடேற்றி, மெழுகை வெளியே விட்டு, அது இருந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவோம். ஒரே ஊற்று. நடுவில் கை நின்றால் சிலை போயிற்று. ஊற்றி முடித்துக் கருவை உடைக்கும்வரை பட்டறையில் யாரும் பேச மாட்டோம்.

121 டன் எடையுள்ள சிலையை அப்படிச் செய்ய முடியாது. 1252இல் தொடங்கிய காமகுராக்காரர்கள் அடுக்கடுக்காக வார்த்தார்கள். முதலில் முழு உருவத்துக்கும் ஒரு மாதிரி. அதன் மேல் துண்டு துண்டாக வெளிக் கரு. உள்ளே வேறொரு கரு. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் சிலையின் கனம். அடியில் ஓர் அடுக்கை ஊற்றி, ஆறவிட்டு, சுற்றிலும் மண்ணைக் கொட்டி மேடாக்கி, அந்த மேட்டில் நின்று அடுத்த அடுக்கு. மேலே போகப் போக மேடும் உயரும். தலையை வார்த்து முடிக்கும்போது சிலை முழுவதும் மண்குன்றுக்குள் புதைந்திருக்கும். பிறகு மேலிருந்து மண்ணை அள்ளிக்கொண்டே வர வேண்டும். முதலில் உச்சிக் கொண்டை, பிறகு நெற்றி, பிறகு கண். அந்தக் கண்ணை முதலில் மண்ணுக்குள் கண்ட கூலிக்காரர் யாராக இருந்தாலும், அவர் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

உலோகத்தில் ஈயம் அதிகம். சீனாவிலிருந்து வந்த செப்புக் காசுகளை உருக்கிச் செய்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஈயம் கூடினால் உலோகம் நன்றாக ஓடும். ஆனால் பாதரசத்தில் பொன்னைக் குழைத்துப் பூசும் வேலைக்கு அது இடம் தராது. அதனால்தான் தங்கத் தகடு ஒட்டினார்கள். வலக் கன்னத்தில் அதன் மிச்சம் இன்றும் இருக்கிறது.

அம்மா, திரும்பப் போனால் எனக்காக ஒரு காரியம் செய்யுங்கள். உள்ளே போய்ச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். வெளியே உளி போட்டு நேர்த்தி செய்துவிடுவார்கள். உள்ளேதான் வார்ப்புக்காரன் கை தெரியும். ஓர் அடுக்கோடு அடுத்த அடுக்கு பிரியாமல் இருக்க மூன்று விதமாகப் பூட்டியிருக்கிறார்களாம். அந்த மூட்டுகளைப் பார்த்து எழுதுங்கள்.


மழைக்குருவி எழுதியது:

//1983 ஜூலையில் இலங்கையின் ஜனாதிபதி அவர்.//

வடலி, உங்கள் வலியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் பழைய ஒரு சிலையின் முன் நின்றுகொண்டு, முப்பது சொச்சம் ஆண்டுகளுக்கு முன் யாரோ நட்ட ஒரு கல்லுக்காக அதைவிட்டு வந்துவிட்டேன் என்பது எனக்கு ஒப்பவில்லை. நான் பயணம் போவதே இவற்றையெல்லாம் கீழே இறக்கிவைத்துவிட்டு வரத்தான். பயணப் பகுதியில் அரசியல் வந்துவிட்டால் சிலை மறைந்து சண்டைதான் மிஞ்சும். இதற்கு முன் இங்கேயே இரண்டு நல்ல இழைகள் அப்படிப் போயின. அந்தக் கவலையில்தான் சொல்கிறேன்.


நெடுவழி எழுதியது:

மழைக்குருவி, இறக்கிவைக்க இடம் கிடைத்தவர்கள் இறக்கிவைக்கிறார்கள். தங்கை ஒரு மணி நேரம் இறக்கித்தான் வைத்திருந்தார். கல் அதைத் திரும்ப எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டது. அதைச் சொன்னால் அரசியலா?

நான் காமகுராவுக்குப் போனதில்லை, நாராவுக்குப் போயிருக்கிறேன். அங்கே இருப்பது இதைவிட ஐந்நூறு ஆண்டு மூத்த புத்தர், ஏறத்தாழ 15 மீட்டர். மண்டபத்துக்குள் இருக்கிறார். 752இல் அந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் நம் நாட்டுத் துறவி, போதிசேனர். தூரிகையின் முனையில் நீண்ட நூல்களைக் கட்டி, கூடியிருந்தவர்கள் எல்லாரும் அந்த நூலைப் பிடித்துக்கொள்ள, அவர் கண்ணெழுதினாராம். அந்தத் தூரிகையும் நூலும் ஷோசோயின் கருவூலத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆயிரக்கணக்கான பேர் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு ஒரே கண்ணைத் திறப்பது! மதுரையிலிருந்து போனவர் அவர் என்று சொல்வார்கள். அந்த மண்டபத்தில் நிற்கும்போது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சிலையால் அல்ல, அந்த நூலை நினைத்ததால்.

அதுவும் சேதம் இல்லாமல் வந்த சிலை அல்ல. 855இல் நிலநடுக்கத்தில் தலை விழுந்தது. 1180இலும் 1567இலும் போரில் மண்டபம் எரிந்தது. இப்போதுள்ள தலை 1692இல் முடித்தது. உடம்பு ஒரு காலம், தலை ஒரு காலம். கும்பிடுகிறவர்கள் முழுசாகத்தான் கும்பிடுகிறார்கள்.


ஏடு எழுதியது:

நெடுவழி ஐயாவின் பதிவில் ஒரு சிறு திருத்தம். போதிசேனரைப் பற்றிய ஜப்பானியப் பதிவு அவரைத் தென்னிந்தியப் பிராமணத் துறவி என்கிறது. 736இல் அங்கே போய்ச் சேர்ந்தார். மதுரை என்பது பின்னால் நம்மவர்கள் ஆசையாகச் சேர்த்துக்கொண்டது. தெற்கு என்பதே எனக்குப் போதும். எட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவில் பௌத்தம் எத்தனை ஊர்களில் இருந்தது என்று நமக்குத் தெரியும். காஞ்சியும் நாகப்பட்டினமும் சாட்சி.

காமகுராவுக்கு வருகிறேன். பயணக் கையேடுகள் எல்லாம், 1498இல் வந்த ஆழிப்பேரலை மண்டபத்தை அடித்துக்கொண்டு போனது, அன்றிலிருந்து புத்தர் வெட்டவெளியில் இருக்கிறார் என்று எழுதும். கடல் ஒரு கிலோமீட்டர் தூரத்தில்தான் என்பதால் கேட்கவும் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் 1486இல் அங்கே போன பன்ரி ஷூகு என்ற ஜென் துறவி, மண்டபம் இல்லாமல் திறந்தவெளியில் உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதே எழுதிவிட்டார். ஆகவே பேரலைக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே கூரை இல்லை. 1334இலும் 1369இலும் புயலில் மண்டபம் விழுந்த செய்தி உண்டு. அதற்குப் பிறகு எப்போதோ கட்டுவதை விட்டுவிட்டார்கள். 2000ஆம் ஆண்டை ஒட்டி நடந்த அகழாய்வில் மண்டபம் இருந்ததற்கான தடயங்களும் கிடைத்தன, ஒரு பக்கம் மட்டுமே 40 மீட்டருக்கு மேல். முற்றத்தில் ஆங்காங்கே தட்டையாகக் கிடக்கும் பெரிய கற்கள் அந்தத் தூண்களின் அடிக்கற்கள்.

அதே துறவி இன்னொன்றும் எழுதுகிறார். சிலையின் முதுகில் ஒரு வழி இருந்ததாம். செருப்பைக் கழற்றிவிட்டு வயிற்றுக்குள் போகலாமாம். உள்ளே பட்டப்பகலில் சூதாடுகிறார்கள் என்று ஊரார் சொன்னார்களாம். ஆக, இந்தச் சிலை எக்காலத்திலும் சுத்தமான தியான மண்டபமாக இருந்ததில்லை. மனிதர் தங்கள் காரியங்களை அதன் மடியில் கொண்டுவந்து போட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். மழைக்குருவிக்கு என் பதிலும் இதுதான்.

இப்போது அந்தக் கல். இதைத்தான் முக்கியமாக எழுத வந்தேன். 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் இலங்கையின் நிதியமைச்சராக ஜெயவர்த்தனா பேசினார். 1942இல் ஜப்பானிய விமானங்கள் இலங்கையில் குண்டு போட்டிருந்தன. அதற்கு இழப்பீடு கேட்க மாட்டோம் என்றார். காரணமாகப் பௌத்த நூலான தம்மபதத்தின் ஐந்தாம் பாட்டைச் சொன்னார். ஜப்பான் அதை மறக்கவில்லை. கல் அதற்காக. இது வரலாறு. 1983இல் அந்நாட்டின் தலைவர் யார் என்பதும் வரலாறுதான். முன்னதைக் கல்லில் வெட்டலாம், பின்னதைப் பேசக்கூடாது என்றால் அது வரலாறாகாது.

ஆனால் வடலி, அந்தப் பாட்டை அதன் பாலி மொழியிலேயே ஒருமுறை பாருங்கள். 'ந ஹி வேரேன வேரானி சம்மந்தீத குதாசனம், அவேரேன ச சம்மந்தி, ஏச தம்மோ சனந்தனோ.' பகையால் பகை இங்கு ஒருநாளும் தணிவதில்லை, பகையின்மையால் தணிகிறது, இது பழைய நெறி. கவனியுங்கள், அதில் அன்பு என்ற சொல் இல்லை. 'அவேர' என்பது பகை இல்லாமை, அவ்வளவுதான். மொழிபெயர்த்தவர்கள் அதை அன்பு என்று உயர்த்திவிட்டார்கள். கல்லிலும் அதுவே ஏறிவிட்டது. பாட்டு அவ்வளவு கேட்கவில்லை.


வடலி எழுதியது:

ஏடு அண்ணா, உங்கள் கடைசிப் பந்தியை நேற்றிரவு மூன்று தடவை படித்தேன்.

அன்பு என்று கல்லில் கண்டபோது எனக்கு வந்த கோபம் எதற்கு என்று இப்போது விளங்குகிறது. என்னிடம் எடுத்துச் சென்றவர்கள் எதையும் திரும்பத் தரவில்லை, நான் அன்பு வேறு கொடுக்க வேண்டுமா என்ற கோபம் அது. பகை இல்லாமல் இரு என்றால், அதை யோசித்துப் பார்க்கலாம். அந்த ஒரு மணி நேரம் இருக்கையில் இருந்தபோது எனக்குள் இருந்ததும் அதுதான். அன்பு ஒன்றும் பொங்கவில்லை. பயம் இல்லை, பகை இல்லை, ஒரு புறா இறகு கோதிக்கொண்டிருந்தது.

மழைக்குருவி, நீங்கள் எழுதியதில் எனக்குக் கோபம் இல்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். நீங்கள் சிலையைப் பார்க்கும்போது உங்களுக்கு முதலில் தெரிவது சிலை. எனக்கு முதலில் தெரிவது சந்தி. சந்தியைத் தாண்டித்தான் நான் சிலைக்கு வர வேண்டும். அந்த வழியை எழுதாமல் சிலையை மட்டும் நான் எப்படி எழுதுவது?

பிறகு ஒரு சந்தேகம். கையை மடியில் வைத்து, ஆட்காட்டி விரலை மடக்கிப் பெருவிரலோடு தொட்டபடி இரண்டு வளையம்போல வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்துச் சிலைகளில் இப்படிப் பார்த்த நினைவில்லை. இவர் அதே புத்தர்தானா?


ஏடு எழுதியது:

நல்ல கண் உங்களுக்கு. அவர் சாக்கியமுனி எனப்படும் கௌதம புத்தர் அல்ல, அமிதாபர். ஜப்பானில் அமிதா என்பார்கள். மேற்கே தூய நிலம் என்ற உலகில் இருப்பவர். தம் பெயரைச் சொல்லி அழைக்கிற யாரையும், படித்தவரோ பாமரரோ, பாவம் செய்தவரோ, தம்மிடம் சேர்த்துக்கொள்வதாக நேர்ந்துகொண்டவர் என்பது நம்பிக்கை. அந்த இரண்டு வளையங்கள்தான் அவருடைய முத்திரை. இலங்கையின் தேரவாத பௌத்தத்தில் அமிதாபர் வழிபாடு கிடையாது.

ஆனால் இந்தக் குழப்பம் உங்களோடு தொடங்கியதல்ல. 1252இல் வார்ப்பு தொடங்கியதைக் குறிக்கும் அக்காலத்து வரலாற்றேடே அதைச் சாக்கிய புத்தர் என்றுதான் எழுதியிருக்கிறது. யோசானோ அகிகோ என்ற புகழ்பெற்ற கவிஞரும் தம் பாடலில் சாக்கியமுனி என்றே பாடினார். அந்தப் பாடலைப் பொறித்த கல் சிலைக்குப் பின்புறத் தோட்டத்தில் இருக்கிறது.

இன்னொரு செய்தி. முதலில் அங்கே இருந்தது மரச்சிலை. ஜோகோ என்ற துறவி ஊர் ஊராகப் போய்ப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி 1243இல் முடித்தார். நாராவில் பேரரசர் கட்டளையிட்டார், இங்கே துறவி மடிப்பிச்சை எடுத்தார். வெண்கலச் சிலையை வடித்த சிற்பியின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.


கருமண் எழுதியது:

சிற்பி பெயர் கிடைக்கவில்லை என்பதைப் படித்ததும் நெஞ்சில் ஒரு கனம். எங்கள் சோழர் காலச் செப்புத் திருமேனிகளிலும் அப்படித்தான். பெயர் வெட்டும் வழக்கம் இல்லை. சிலைக்குக் கண் திறந்த பிறகு அது எங்களுடையது அல்ல.

கூன் விழுந்ததுபோலத் தெரிகிறது என்று முதல் பதிவில் எழுதியிருந்தீர்கள் அம்மா. அது கணக்கு. முகத்தின் நீளம் மட்டும் 2.35 மீட்டர், ஒரு கண் ஒரு மீட்டர். உடம்புக்குத் தலை பெரிது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் அளவு பிசகியதுபோல இருக்கும். எதிரே, சில அடி தூரத்தில், கீழே நின்று நிமிர்ந்து பார்க்கிறவருக்குத்தான் எல்லாம் சரியாக வந்து அமரும். தேர்ச் சிற்பத்திலும் கோபுரச் சுதையிலும் எங்கள் பெரியவர்கள் இதே கணக்கைத்தான் போடுவார்கள். கீழே நிற்கிறவர் கண்ணுக்காகச் செய்த சிலை அது. உங்களைக் கேட்கக் குனிந்ததுபோல இருந்தது என்றீர்களே, செய்தவன் நினைத்தது அதுதான்.


மழைக்குருவி எழுதியது:

வடலி, //எனக்கு முதலில் தெரிவது சந்தி// என்ற வரிக்கு என்னிடம் மறுப்பு இல்லை. அரசியல் என்று நான் எழுதியது தவறான சொல். பயணத்தில் மனம் கலங்காமல் இருக்க வேண்டும் என்ற என் ஆசையை உங்கள் மேல் வைத்துவிட்டேன். ஆனாலும் ஒன்றில் நான் மாறவில்லை. கல்லுக்காகச் சிலையை விடாதீர்கள். திரும்பிப் பார்க்காமல் வந்தேன் என்று எழுதினீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. போய் வாருங்கள்.


பச்சைரயில் எழுதியது:

கருமண் ஐயா, அந்தப் பெரிய தலையைப் பற்றி ஒரு செய்தி. 1923 பெரும் நிலநடுக்கத்தில் பீடம் நொறுங்கிச் சிலை இடம் பெயர்ந்தது. 1925இல் சரிசெய்தார்கள். பிறகு 1960, 61இல் பெரிய பழுதுபார்ப்பு. தலையைத் தாங்கும் கழுத்தை உள்ளிருந்து இழைக்கண்ணாடி கலந்த பிளாஸ்டிக்கால் பலப்படுத்தினார்கள். சிலைக்கும் பீடத்துக்கும் நடுவே துருப்பிடிக்காத எஃகுத் தகட்டைப் பரப்பினார்கள். நிலம் குலுங்கினால் சிலை அந்தத் தகட்டில் வழுக்கிக் கொடுக்கும், முறியாது. 2011 மார்ச்சில் நான் இங்கே இருந்தேன். ஊரே ஆடியது. அடுத்த முறை காமகுராவுக்குப் போனபோது அவர் இருந்த இடத்தில் அப்படியே இருந்ததைப் பார்த்து வாசலிலேயே கும்பிட்டேன். நம் ஊர்க் கோயில் பழக்கத்தில் செருப்பைக் கழற்றப்போனால், வேண்டாம் என்று ஒரு பாட்டி கையசைத்தார்.

வடலி அக்கா, வெள்ளிக்கிழமை காலையில் போவதாக இருந்தால் முந்தின இரவே பெட்டியைக் கட்டிவைத்துவிடுங்கள். டோக்கியோவிலிருந்து ஏழு மணிக்கு முன்பே ரயில் ஏறினால் கோயில் திறந்த கொஞ்ச நேரத்தில் வாசலில் இருப்பீர்கள்.


வடலி எழுதியது:

விமான நிலையத்திலிருந்து எழுதுகிறேன்.

இன்று காலை எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். இரவு மழை பெய்திருந்தது. முற்றத்தில் ஆறு, ஏழு பேர்தான். அடிக்கற்களில் குழியான இடங்களில் தண்ணீர் தேங்கியிருந்தது. வலக் கன்னத்தைத் தேடினேன். வெயில் படும்வரை ஒன்றும் தெரியவில்லை. பட்டதும், கண்ணுக்குக் கீழே மஞ்சள் பூசிக் கழுவியதுபோல மங்கலான ஒரு படலம். கருமண் ஐயா, இருக்கிறது.

பிறகு உள்ளே போனேன். படி மிகவும் குறுகல், தோள் இரண்டு பக்கமும் உரசியது. மேலே ஏறினால் சிறிய அறை அளவு இடம், அரை இருட்டு. அண்ணாந்தால் கழுத்துக்குள் தலை ஒரு பெரிய பானையின் உட்புறம்போலத் தெரிகிறது. கழுத்தைச் சுற்றி வேறு நிறத்தில் ஒரு பூச்சு, பச்சைரயில் தம்பி சொன்ன வேலைதான் அது. சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாக மூட்டுகள். நீங்கள் சொன்னபடி எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சில இடங்களில் ஓர் அடுக்கு மற்றதன் மேல் உதடுபோல மடிந்து பிடித்திருக்கிறது. சில இடங்களில் இரண்டுக்கும் நடுவே உருக்கி ஊற்றிய உலோகம் பிதுங்கி உறைந்து நிற்கிறது. ஒரு பிதுக்கத்தில் விரலை வைத்தேன். குளிர்ச்சியாக, கொஞ்சம் சொரசொரப்பாக, இட்லிப் பானையின் அடிப்புறம் மாதிரி இருந்தது. வெளியே பார்த்த அமைதியான முகத்துக்கு உள்ளே இவ்வளவு ஒட்டும் பூட்டும். அங்கேயே நிறைய நேரம் நின்றேன். சூதாடியவர்கள் எந்த மூலையில் இருந்திருப்பார்கள் என்றும் பார்த்தேன், ஏடு அண்ணா.

செருப்பையும் கண்டேன். வைக்கோல் நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. குழந்தைகள் பின்னியது என்பது அதில் தெரிகிறது.

கல்லுக்கும் போனேன். அந்தப் பெயரைப் படித்தேன், வாசகத்தைப் படித்தேன், அன்பு என்ற இடத்தில் ஏடு அண்ணாவின் சொல்லை வைத்துப் படித்தேன். அதற்கு மேல் அந்தக் கல்லோடு எனக்கு எதுவும் தீரவில்லை. தீர்ந்தது என்று எழுதினால் பொய். ஆனால் இந்த முறை அங்கிருந்து வாசலுக்குப் போகாமல் திரும்பச் சிலைக்குப் போனேன். இருக்கையில் ஒன்பதரைவரை இருந்தேன்.

அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமையே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அந்தக் கல்லின் படம் தனக்கு வேண்டாம், சிலையை மட்டும் அனுப்பு என்றார். முகத்தை அனுப்ப எனக்குத் துணிவு வரவில்லை. அவர் எந்தச் சந்தியை நினைப்பாரோ தெரியாது. பின்பக்கம் போய் நின்று எடுத்த படத்தை அனுப்பினேன். கூனிய முதுகு, அதில் மேல்நோக்கித் திறந்த இரண்டு பெரிய ஜன்னல் கதவுகள்.

ரயிலில் வரும்போது பதில் வந்தது. முதுகில் ஜன்னல் ஏன் என்று கேட்டிருந்தார். உள்ளே ஆட்கள் போய் நிற்பார்கள், வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் என்று எழுதினேன். சரி, முகத்தையும் அனுப்பு என்றார்.